படிக்காத டிஎன்ஏவுக்குள் பிசிஆர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாக்டீரியா, ஈஸ்ட், பாசி, ஓரணு உயிரிகள் ஆகியவற்றில் இதுவரை யாரும் படித்திராத டிஎன்ஏ பகுதிகளை பிசிஆர் (ஒரு டிஎன்ஏ துண்டைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கும் முறை) கொண்டு எப்படிப் பிடிப்பது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: பிசிஆருக்கு பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குறுகிய டிஎன்ஏ துண்டு) வேண்டும். பிரைமர் செய்ய அந்த இடத்தின் வரிசை தெரிய வேண்டும். அப்படியென்றால் தெரியாத வரிசையை பிசிஆரில் பெருக்குவது எப்படிச் சாத்தியம்?

பதில்: முழு வரிசையும் தெரிய வேண்டியதில்லை. இரண்டு ஓரத்திலும் இருபது எழுத்து (ஏ, டி, ஜி, சி என்ற டிஎன்ஏவின் அடிப்படை அலகுகள்) தெரிந்தால் போதும். நடுவில் எது இருந்தாலும் சேர்ந்து பெருகிவிடும். அந்த இருபது எழுத்துக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி. அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, எல்லா உயிரிகளிலும் அநேகமாக மாறாமல் இருக்கும் மரபணுக்கள். ரைபோசோமின் ஆர்என்ஏவுக்கான மரபணு இதற்கு நல்ல உதாரணம். அதில் மாறாத திட்டுகளும் மாறும் திட்டுகளும் மாறி மாறி வருகின்றன. மாறாத திட்டில் பிரைமரை உட்கார வைத்தால், மாறும் திட்டு நம் கைக்கு வரும். கார்ல் வோஸ் 1977-இல் ஆர்க்கியா என்ற தனிக் குலத்தையே இந்த ஆர்என்ஏவை ஒப்பிட்டுத்தான் அடையாளம் காட்டினார்.

இரண்டாவது, புரதத்தின் அமினோ அமில வரிசையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதும் கலப்பு பிரைமர்கள். மூன்றாவது, ஏற்கெனவே தெரிந்த ஒரு துண்டில் நின்றுகொண்டு அக்கம்பக்கத்துக்கு நடந்து போகும் முறைகள். தலைகீழ் பிசிஆர் அவற்றில் ஒன்று. மூன்றிலும் ஏதோ ஒரு பிடி முன்கூட்டியே நம்மிடம் இருக்கிறது. பிடியே இல்லாமல் குறிப்பிட்ட ஓர் இடத்தை பிசிஆரில் பெருக்க வழியில்லை.

கேள்வி: நீரிலிருந்து தனிப்படுத்திய ஒரு பாக்டீரியா காலனி இருக்கிறது. என்ன இனம் என்று தெரியாது. எங்கிருந்து தொடங்குவது? அளவுகளோடு சொல்லுங்கள்.

பதில்: 16எஸ் மரபணுவில், அதாவது பாக்டீரியாவின் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவில், தொடங்குங்கள். 27எஃப், 1492ஆர் என்ற பிரைமர் இணை போதும். இந்த எண்கள் எஷெரிக்கியா கோலையின் 16எஸ் மரபணுவில் அவை அமரும் இடத்தைக் குறிக்கின்றன. அதனால் பெருகும் துண்டு ஏறக்குறைய 1,500 எழுத்து நீளம் வரும்.

காலனியிலிருந்து ஊசிமுனை அளவு எடுத்து 50 மைக்ரோலிட்டர் தூய நீரில் கரைத்து, 95 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் வையுங்கள். இரண்டு நிமிடம் வேகமாகச் சுழற்றிவிட்டு மேல் தெளிவிலிருந்து 1 மைக்ரோலிட்டர் எடுத்தால் அதுவே வார்ப்பு டிஎன்ஏ. நீர் பால்போலக் கலங்கினால் காலனி அதிகமாகிவிட்டது என்று பொருள். செல் கழிவுகள் நொதியை அடக்கிவிடும். ஜெல்லில் (டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் கூழ்) பட்டை வராதபோது இன்னும் கொஞ்சம் காலனி சேர்க்கத்தான் கை போகும். அதைச் செய்யாமல், பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள்.

25 மைக்ரோலிட்டர் வினைக்கு (அளவுகள் மைக்ரோலிட்டரில்): பத்து மடங்கு பஃபர் (மக்னீசியம் சேராதது) 2.5, 25 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு 1.5, ஒவ்வொன்றும் 10 மில்லிமோலார் உள்ள டிஎன்டிபி (டிஎன்ஏ எழுத்துகளின் மூலப்பொருள்) கலவை 0.5, 10 மைக்ரோமோலார் பிரைமர்கள் தலா 0.5, மைக்ரோலிட்டருக்கு 5 யூனிட் உள்ள டாக் பாலிமரேஸ் (டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதி) 0.2, வார்ப்பு 1, மீதி 18.3 மைக்ரோலிட்டர் நீர். சிலர் மக்னீசியம் ஏற்கெனவே கலந்த பஃபரில் மறுபடியும் மக்னீசியம் சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பிரைமர் கண்ட இடத்தில் ஒட்டி, ஜெல்லில் பல பட்டைகள் வரும். புட்டியின் லேபிளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

சுழற்சி: 95 டிகிரியில் 3 நிமிடம், பிறகு 95-இல் 30 விநாடி, 55-இல் 30 விநாடி, 72-இல் 90 விநாடி என 30 சுற்று, கடைசியாக 72-இல் 5 நிமிடம். டாக் நொதிக்கு ஆயிரம் எழுத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் 5 மைக்ரோலிட்டர் ஓட்டினால் 1,500-க்கு அருகே ஒரே பட்டை தெரிய வேண்டும்.

கொதிக்கவைத்தும் எதுவும் வராவிட்டால் செல் சுவர் கெட்டியாக இருக்கலாம். கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவுக்கு லைசோசைம் கொடுத்தோ, கண்ணாடி மணிகளோடு குலுக்கியோ செல்லை உடைக்க வேண்டியிருக்கும். ஈஸ்ட்டுக்கு 20 மில்லிமோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 10 நிமிடம் கொதிக்கவைப்பது நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி: வார்ப்பே போடாத குழாயிலும் 16எஸ் பட்டை வருகிறது. நீரை மாற்றினேன், பிரைமரையும் மாற்றினேன், போகவில்லை. என்ன செய்வது?

பதில்: 16எஸ் பிசிஆர் செய்கிற எல்லோரும் ஒருநாள் இதைச் சந்திக்கிறார்கள். காரணம் பலமுறை நொதியிலேயே இருக்கிறது. டாக் என்பது தெர்மஸ் அக்குவாட்டிகஸ் என்ற வெந்நீரூற்று பாக்டீரியாவின் நொதி. ஆனால் இன்று விற்பனைக்கு வருவது பெரும்பாலும் எஷெரிக்கியா கோலைக்குள் உற்பத்தியாவது. சுத்திகரித்த பிறகும் அந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ துளியளவு ஒட்டிக்கொண்டிருக்கும். வேறு மரபணுக்களைப் பெருக்கும்போது இது தெரியாது. 16எஸ் பிரைமர்கள் எல்லா பாக்டீரியாவையும் பிடிப்பவை என்பதால் இதையும் பிடித்துவிடுகின்றன. பட்டையை வெட்டியெடுத்து வரிசை படித்துப் பாருங்கள். எஷெரிக்கியா என்று வந்தால் நொதியின் மேல் சந்தேகப்படலாம்.

இங்கே ஒரு கணக்கு உதவும். எஷெரிக்கியா கோலையின் மரபுத்தொகுதி சுமார் 46 லட்சம் எழுத்துகள். அதன் எடை 5 ஃபெம்டோகிராம்தான். அதாவது 1 நானோகிராம் டிஎன்ஏவில் ஏறத்தாழ 2 லட்சம் மரபுத்தொகுதிகள் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிப்பாவதால், 10 சுற்று தாமதமாகத் தெரியும் பட்டைக்கு ஆயிரம் மடங்கு குறைவான வார்ப்பு இருந்தது என்று அர்த்தம். உங்கள் மாதிரி 22 சுற்றிலேயே தெரிந்து, வெற்றுக் குழாய் 35-இல் மங்கலாகத் தெரிந்தால், சுற்றை 27 அல்லது 28-இல் நிறுத்துவதே போதுமான தீர்வு. இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தால் மாசு நிஜமாகவே அதிகம். அன்றைய முடிவுகளில் எதையும் நம்ப வேண்டாம்.

கண்டுபிடிக்கும் முறை: ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். முதலில் நீர், அடுத்து பஃபர், டிஎன்டிபி, பிரைமர், கடைசியில் நொதி. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் பட்டை போய்விடும். எதனால் போனது என்பது தெரியாமலேயே நின்றுவிடும். பெருகிய குழாய்களைத் திறக்கும் மேசையும் புதிய வினை கலக்கும் மேசையும் தனித்தனியாக இருக்கட்டும், பிப்பெட்டும் தனியாக இருக்கட்டும். திறந்த குழாயிலிருந்து பறக்கும் நுண்துளியில்கூட கோடிக்கணக்கான பிரதிகள் இருக்கலாம்.

கேள்வி: கலப்பு பிரைமர் எப்படி எழுதுவது? ஒரு உதாரணத்தோடு விளக்க முடியுமா?

பதில்: பல உயிரிகளிலிருந்து கிடைத்த அதே புரதத்தின் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றிலும் மாறாத 6 அல்லது 7 அமினோ அமிலங்களைத் தேடுங்கள். அப்படி இரண்டு இடங்கள் வேண்டும். இடையில் 300 முதல் 1,000 எழுத்து இருந்தால் வேலை எளிது.

மாறாத இடமெல்லாம் நல்ல இடமல்ல. லியூசின், செரின், ஆர்ஜினின் மூன்றுக்கும் தலா 6 கோடான்கள் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதிகள்). இவை மட்டுமே ஆறு அடுத்தடுத்து வந்தால் 46,656 சேர்க்கைகள் ஆகிவிடும். மெத்தியோனினுக்கும் டிரிப்டோஃபானுக்கும் ஒரே ஒரு கோடான்தான். ஆகவே இவை இரண்டும் இருக்கும் இடத்தைத் தங்கம்போலப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டிரிப்டோஃபான், அஸ்பார்டிக் அமிலம், மெத்தியோனின், டைரோசின், ஹிஸ்டிடின், குளுட்டாமிக் அமிலம் என்று ஒரு வரிசை கிடைத்ததாக வையுங்கள். பிரைமர் இப்படி வரும்: டிஜிஜி–ஜிஏஒய்–ஏடிஜி–டிஏஒய்–சிஏஒய்–ஜிஏ. இதில் ஒய் என்பது சி அல்லது டி. மூன்று இடங்களில் இரண்டு வாய்ப்பு, ஆக 2×2×2 = 8 வகை. கடைசிக் கோடானின் மூன்றாம் எழுத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். பிரைமரின் வலது முனையில்தான் நொதி எழுத்துச் சேர்க்கத் தொடங்குகிறது. அங்கே ஐயமான எழுத்து இருக்கக் கூடாது. மொத்தம் 17 எழுத்து, 8 வகை: மிக நல்ல பிரைமர். 100 வகை வரை தைரியமாக முயலலாம். 500-ஐத் தாண்டினால் வேறு இடம் தேடுவது நல்லது, அல்லது நான்கு எழுத்தும் வரக்கூடிய இடத்தில் இனோசின் போடலாம். டாக் இனோசினை ஏற்றுக்கொள்ளும். பிழை திருத்தும் நொதிகள் அதில் தடுமாறும்.

பிரைமர் அளவையும் உயர்த்த வேண்டும். வழக்கமான 0.2 மைக்ரோமோலாரை 8 வகைக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 0.025-தான் கிடைக்கும். 1 மைக்ரோமோலார் போடுங்கள். வெப்பநிலையை மேலிருந்து கீழே இறக்கும் முறை இங்கே கை கொடுக்கும்: 55 டிகிரியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் 1 டிகிரி குறைத்து 45 வரை வந்து, அங்கே 25 சுற்று. சரியான இடத்தில் ஒட்டியவை தொடக்கத்திலேயே முந்திக்கொள்கின்றன; தவறாக ஒட்டியவை பிறகு அவற்றை எட்டிப்பிடிக்க முடிவதில்லை.

எதிர்ப்பக்க பிரைமரை எழுதும்போது நேர் வரிசையைத் திருப்பி, எதிர் எழுத்துகளாக மாற்ற வேண்டும். இதில் தவறு செய்து பிரைமரை வரவழைத்தால் பணமும் வாரங்களும் போய்விடும். எழுதிய பிறகு அதை மறுபடி மொழிபெயர்த்து, தொடங்கிய புரத வரிசை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எளிய உயிரிகளில் இன்னொரு பொறி உண்டு: மரபுக் குறியீடு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. மைக்கோபிளாஸ்மாவில் டிஜிஏ நிறுத்தக்குறி அல்ல, அதுவும் டிரிப்டோஃபான்தான். அங்கே மேற்சொன்ன பிரைமரின் முதல் கோடானை டிஜிஆர் என்று எழுத வேண்டும் (ஆர் என்பது ஏ அல்லது ஜி). வகைகள் 16 ஆகும். டெட்ராஹைமீனாவில் டிஏஏ, டிஏஜி இரண்டும் குளுட்டாமினைக் குறிக்கின்றன. உயிரி எந்தக் குழு என்று ரைபோசோம் மரபணுவில் முதலில் தெரிந்துகொள்ளச் சொல்வது இதற்காகவும்தான்.

கேள்வி: கலப்பு பிரைமரில் எதிர்பார்த்த அளவிலேயே பட்டை வந்தது. வரிசை படித்தால் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று. ஏன்?

பதில்: ஒரே பிரைமர் இரு முனையிலும் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பிரைமரையும் தனியாகப் போட்டு ஒரு குழாய் வையுங்கள். ஒற்றை பிரைமரில் வருகிற பட்டையைக் கணக்கிலிருந்து நீக்குங்கள்.

கேள்வி: ஒரு மரபணுவின் 500 எழுத்து கிடைத்துவிட்டது. அதன் இரு புறமும் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். தலைகீழ் பிசிஆரை முதல்முறையாகச் செய்யப்போகிறேன்.

பதில்: இது 1988-இல் வெளியான முறை. இன்றும் இதன் அழகு குறையவில்லை. டிஎன்ஏவை வெட்டு நொதியால் வெட்டி, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்குகிறோம். தெரிந்த 500 எழுத்துக்குள்ளிருந்து வெளிநோக்கிப் பார்க்கும் இரண்டு பிரைமர்களை வைத்தால், வளையத்தைச் சுற்றிப் போய் தெரியாத பகுதி முழுவதும் பெருகி வருகிறது.

நொதித் தேர்வில்தான் பாதி வெற்றி இருக்கிறது. நான்கு எழுத்தை அடையாளம் காணும் நொதி சராசரியாக 256 எழுத்துக்கு ஒருமுறை வெட்டும். ஆறெழுத்து நொதி 4,096-க்கு ஒருமுறை. முன்னது தரும் துண்டில் புதிய பகுதி மிகக் குறைவு. பின்னது தரும் வளையம் சாதாரண டாக்கால் எட்ட முடியாத அளவுக்குப் பெரிதாகலாம். 1,000 முதல் 3,000 எழுத்து வரையிலான வளையமே வசதி. எந்த நொதி அப்படி வெட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் தெரிந்த பகுதிக்குள் வெட்டாத நான்கைந்து நொதிகளை ஒரே நேரத்தில் இணையாக ஓட்டுங்கள். ஒன்றை மட்டும் நம்பி உட்காருவது வீண். பாக்டீரியாவின் டிஎன்ஏவில் மீத்தைல் குறிகள் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜிஏடிசி என்ற இடத்தை எம்போ-1, சாவ்3ஏ-1 இரண்டும் வெட்டும். அங்கே டாம் என்ற நொதி போட்ட மீத்தைல் குறி இருந்தால் முன்னது நின்றுவிடும், பின்னது வெட்டும்.

1 மைக்ரோகிராம் டிஎன்ஏவை 50 மைக்ரோலிட்டரில் 10 யூனிட் நொதியோடு 37 டிகிரியில் 3 மணி நேரம் வெட்டுங்கள். சாவ்3ஏ-1 ஆனால் 65 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் நொதி செத்துவிடும்; மற்றவற்றுக்கு உற்பத்தியாளர் குறிப்பைப் பாருங்கள். கொஞ்சம் ஜெல்லில் ஓட்டி, ஒட்டுமொத்தமாகச் சிதறிய கறைபோலத் தெரிகிறதா என்று உறுதிப்படுத்துங்கள். மேலே கனத்த பட்டையாகவே நின்றால் வெட்டு விழவில்லை.

அடுத்தது லிகேஸ் என்ற நொதியால் ஒட்டுதல். வெட்டிய கலவையில் 5 மைக்ரோலிட்டர் (100 நானோகிராம்), பத்து மடங்கு லிகேஸ் பஃபர் 10, டி4 லிகேஸ் 1, நீர் 84. மொத்தம் 100 மைக்ரோலிட்டர். 16 டிகிரியில் இரவு முழுவதும் வையுங்கள். மைக்ரோலிட்டருக்கு 1 நானோகிராம் என்ற இந்த நீர்த்த நிலைதான் இந்த முறைக்கு உயிர். நீர்த்திருந்தால் ஒரு துண்டின் முனைக்குப் பக்கத்தில் இருப்பது அதே துண்டின் மறுமுனை மட்டுமே. கெட்டியாக வைத்தால் அடுத்தவர் முனை முந்திக்கொள்ளும். மரபுத்தொகுதியில் எங்கோ தொலைவில் இருக்கும் இரண்டு பகுதிகள் பக்கத்துப் பக்கம் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். பலமுறை உருக்கி உறையவைத்த லிகேஸ் பஃபரில் நொதிக்கு வேண்டிய ஏடிபி சிதைந்திருக்கும். சிறு பங்குகளாகப் பிரித்து வைத்து, ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும்.

பிரைமரைத் தெரிந்த பகுதியின் ஓரத்திலிருந்து 80, 100 எழுத்து உள்ளே தள்ளி வையுங்கள். அப்போது படித்த வரிசையின் தொடக்கத்தில் நமக்குத் தெரிந்த எழுத்துகளில் சில வரும். அவை வந்தால் சரியான இடத்திலிருந்துதான் கிளம்பியிருக்கிறோம் என்று தெரியும். வரிசை படிக்கும்போது முதல் 30 முதல் 50 எழுத்து தெளிவாக இராது என்பதால்தான் இவ்வளவு இடம் விடுகிறோம். கிடைத்ததை வார்ப்பாக வைத்து இரண்டாம் முறை பிசிஆர் செய்ய, முதல் இணைக்கும் ஓரத்துக்கும் நடுவே இன்னொரு இணை பிரைமர் இருந்தால் தவறான பட்டைகள் பெரும்பாலும் கழிந்துவிடும்.

வெட்டி, ஆனால் ஒட்டாத டிஎன்ஏவைக் கொண்ட குழாய் ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதில் பட்டை வந்தால் அது வளையத்திலிருந்து வந்ததல்ல.

வரிசை கையில் வந்ததும் முதலில் வெட்டு இடத்தைத் தேடுங்கள். சாவ்3ஏ-1 என்றால் ஜிஏடிசி ஒரே ஒரு இடத்தில்தான் வர வேண்டும். அதற்கு ஒரு பக்கம் இருப்பது வலப்புறப் பகுதி, மறுபக்கம் இருப்பது இடப்புறப் பகுதி. இரண்டு இடத்தில் வந்தால், ஒன்று வெட்டு முழுமையாக விழவில்லை, அல்லது அந்நியத் துண்டு நடுவே புகுந்திருக்கிறது.

கேள்வி: பாசியிலிருந்து எடுத்த டிஎன்ஏ அளவுமானியில் நிறையக் காட்டுகிறது. பிசிஆரில் ஒன்றுமே வரவில்லை.

பதில்: பிசுபிசுப்பான சர்க்கரைப் பொருட்களும் நிறமிகளும் கூடவே வந்து நொதியை அடக்குகின்றன. 10 மடங்கு, 100 மடங்கு நீர்த்து இரண்டையும் ஓட்டுங்கள். அப்போதும் வராவிட்டால், நன்றாக வேலை செய்யும் வேறொரு வினையில் உங்கள் டிஎன்ஏவை 1 மைக்ரோலிட்டர் சேருங்கள். அதுவும் நின்றுபோனால் தடைப்பொருள் உறுதி, மைக்ரோலிட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் பிஎஸ்ஏ (தடைப்பொருளைப் பிடித்துவைக்கும் புரதம்) சேர்த்துப் பாருங்கள். அது நிற்காமல் ஓடினால் டிஎன்ஏவில் குறையில்லை, பிரைமரைத்தான் மாற்ற வேண்டும். ஜி, சி அதிகமுள்ள டிஎன்ஏ என்றால் 5 சதவீத டிஎம்எஸ்ஓ (இழைகள் பிரிய உதவும் கரைப்பான்) உதவும்; அப்போது ஒட்டும் வெப்பநிலையை 3 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெல்லில் ஒரே பட்டை, ஆனால் வரிசைப் படத்தில் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு சிகரங்கள். இது ஏன்?

பதில்: ஜெல் நீளத்தை மட்டுமே காட்டும். ஒரே நீளத்தில் இரண்டு வரிசை இருந்தாலும் ஒரே பட்டைதான். படத்தைத் தொடக்கத்திலிருந்து பாருங்கள். முதல் எழுத்திலிருந்தே இரட்டை என்றால் காலனி கலப்படம். தட்டில் மறுபடி கோடிழுத்துத் தனிக் காலனி எடுங்கள். பாதி வரை சுத்தமாக ஓடி, ஓரிடத்திலிருந்து திடீரென்று இரட்டையானால், மரபணுவின் இரண்டு பிரதிகளுக்குள் ஓரெழுத்து கூடியோ குறைந்தோ இருக்கிறது. எஷெரிக்கியா கோலையில் 16எஸ் உள்ள தொகுதி 7 பிரதிகள். அவை அச்சு அசலாக ஒன்றல்ல. அந்நிலையில் துண்டுகளைப் பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் தானே பெருகும் சிறு டிஎன்ஏ வளையம்) ஏற்றி, தனித்தனிக் காலனிகளைப் படிப்பதுதான் வழி. கலப்பு பிரைமரால் நேரடியாக வரிசை படிக்க முயலாதீர்கள். அதற்கும் பிளாஸ்மிடே நல்லது.

பல உயிரிகள் கலந்த மாதிரியில் கலப்பினத் துண்டுகளும் உண்டாகும். பாதியில் நின்ற ஒரு துண்டு அடுத்த சுற்றில் வேறோர் உயிரியின் டிஎன்ஏவில் பிரைமராக ஒட்டி வளர்ந்துவிடும். உலகில் எங்குமே இல்லாத ஓர் உயிரி அப்போது காகிதத்தில் பிறக்கிறது. சுற்றை 25-க்குள் வைத்து, 72 டிகிரி நேரத்தை நீட்டினால் இது வெகுவாகக் குறையும்.

கேள்வி: என் 16எஸ் வரிசை தரவுத்தளத்தில் 96 சதவீதம்தான் பொருந்துகிறது. புது இனமா?

பதில்: இருக்கலாம், ஆனால் அறிவிக்க இது போதாது. வரிசை முழுநீளமாகவும் இரு திசையிலும் படித்ததாகவும் இருந்து, 98.7 சதவீதத்துக்குக் கீழே நின்றால் புதிய இனமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 500 எழுத்துத் துண்டை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது. முதலில் மங்கலான ஓரங்களை வெட்டிவிட்டு மறுபடி தேடுங்கள். பல சமயம் 96 அங்கேயே 99 ஆகிவிடும். மறுபுறம், 100 சதவீதம் பொருந்துவதாலும் இனம் உறுதியாகிவிடாது. எஷெரிக்கியா கோலையையும் ஷிகெல்லாவையும் 16எஸ் வைத்துப் பிரிக்க முடியாது. ஆர்பிஓபி, ஜைர்பி போன்ற புரத மரபணுக்களையும் படியுங்கள்.

கேள்வி: முழு மரபுத்தொகுதியையே படித்துவிடக்கூடிய காலத்தில் இவ்வளவு பாடு எதற்கு?

பதில்: ஒரே ஒரு பாக்டீரியா, அதன் எல்லா மரபணுக்களும் வேண்டும் என்றால் முழுத்தொகுதியையே படியுங்கள், தலைகீழ் பிசிஆரில் அடியடியாக நடக்க வேண்டியதில்லை. நூறு காலனிகளில் எது எது என்று பிரிக்க வேண்டும், அல்லது தாவும் மரபணு செருகிய ஒரு பிறழ்வில் அது எங்கே விழுந்தது என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால் பிசிஆர்தான் வேகமானது. செருகிய துண்டின் வரிசை நமக்குத் தெரியும், அதுவே பிடி.

முழுத்தொகுதி படித்தவர்களும் கடைசியில் பிசிஆரிடம்தான் வருகிறார்கள். கணினி இரண்டு துண்டுகளை அடுத்தடுத்து இணைத்துக் காட்டினால், இணைப்பின் இருபுறமும் 300 எழுத்து தள்ளி ஒரு பிரைமர் இணை வைத்து, வெட்டாத, ஒட்டாத அசல் டிஎன்ஏவிலிருந்து பெருக்கிப் பாருங்கள். தலைகீழ் பிசிஆரில் கிடைத்த வரிசைக்கும் இதே சோதனைதான். சுமார் 600-இல் பட்டை வந்து வரிசையும் ஒத்துப்போனால் அந்த இணைப்பு உண்மை. வராவிட்டால், அதே டிஎன்ஏவில் 16எஸ் பிரைமரையும் ஓட்டுங்கள். அது வந்து இது மட்டும் வராவிட்டால், இணைப்பின் வேறு இடங்களில் இன்னொரு பிரைமர் இணை வைத்து ஒருமுறை பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் அந்த இணைப்பை நீக்கிவிட்டு எழுதுங்கள்.